என்ரானின் 1.07: நடைமுறை மூலதனத்தை வைத்து ஓர் எரிசக்திப் பங்கை எடைபோட்டால்

2001 ஏப்ரல் 17. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் தன் முதல் காலாண்டு முடிவுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைபேசி வழியே விளக்கிக்கொண்டிருந்தது. ஹைஃபீல்ட்ஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் ரிச்சர்ட் கிரப்மன் குறுக்கிட்டு, லாபத்தைச் சொல்கிறீர்கள், பேலன்ஸ் ஷீட்டும் பணப்பாய்வு அறிக்கையும் எங்கே என்று கேட்டார். பிறகு வரும் என்றார் தலைமை நிர்வாகி ஜெஃப்ரி ஸ்கில்லிங். லாபத்தோடு சேர்த்து இந்த இரண்டையும் தர முடியாத நிதி நிறுவனம் நீங்கள் ஒருவர்தான் என்றார் கிரப்மன். ஸ்கில்லிங் நன்றி சொன்னார். சொன்ன கையோடு ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார்.

அந்த வசவு உலகப் புகழ் பெற்றுவிட்டது. கேட்ட கேள்வியை யாரும் பெரிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் முந்தைய ஆண்டின் முழு பேலன்ஸ் ஷீட் அப்போது எல்லார் கைக்கும் எட்டும் இடத்தில் இருந்தது. 2000-ஆம் ஆண்டுக்கான அறிக்கையை ஏப்ரல் 2 அன்றுதான் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தில் தாக்கல் செய்திருந்தார்கள். பங்கு விலை 60 டாலர் பக்கத்தில் நின்றது.

இந்த ஆய்வுக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே. நிதித் தலைவர் ஃபாஸ்டோவின் கூட்டு நிறுவனங்கள், நஷ்டத்தை மறைத்த ராப்டர் ஏற்பாடுகள், தணிக்கையாளர்கள் காகிதம் கிழித்த கதை எதையும் தொடக்கூடாது. அதெல்லாம் பின்னால் வெளிவந்தவை. 2001 ஏப்ரலில் ஒரு சாதாரண முதலீட்டாளர் அந்த ஆண்டறிக்கையைத் திறந்து, நடைமுறை மூலதனம் (ஓராண்டுக்குள் காசாகும் சொத்திலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்கவேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது) என்ற ஒரே ஒரு இடத்தில் மட்டும் விரலை வைத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்?

குழாய் கம்பெனி, கடை ஆன கதை

1985-இல் ஹூஸ்டன் நேச்சுரல் கேஸும் இன்டர்நார்த்தும் இணைந்து உருவானபோது என்ரான் ஒரு எரிவாயுக் குழாய்க் கம்பெனி. குழாய்க் கம்பெனிக்கு நடைமுறை மூலதனத் தலைவலி குறைவு. இந்த மாதம் அனுப்பிய வாயுவுக்கு அடுத்த மாதம் பணம் வரும். பணம் முழுக்க மண்ணுக்கடியில் குழாயாகப் புதைந்து கிடக்கும். அப்படிப்பட்ட பங்கை எடைபோட நீண்டகாலக் கடனையும் கட்டணத்தையும் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

வர்த்தகம் செய்யும் எரிசக்திக் கம்பெனி அப்படியல்ல. 1999 நவம்பரில் என்ரான்ஆன்லைன் தொடங்கியது. இணையத்தில் வாயுவும் மின்சாரமும் வாங்கி விற்கும் தளம் அது. தரகனாக ஒதுங்கி நிற்காமல், ஒவ்வொரு பேரத்திலும் வாங்குபவனுக்கு விற்பவனாகவும் விற்பவனுக்கு வாங்குபவனாகவும் என்ரானே நின்றது. அப்படி நின்றால் வரவேண்டியதும் கொடுக்கவேண்டியதும் இரண்டு பக்கமும் ஊதும். விற்பனை 1999-இல் 4,011 கோடி டாலர், 2000-இல் 10,079 கோடி டாலர். (இனி எல்லாத் தொகையும் கோடி டாலரில்.) லாபம் 97.9. அதாவது நூறு டாலர் விற்றால் ஒரு டாலர்கூட முழுசாக நிற்கவில்லை. மொத்த வியாபாரியின் லாபவிகிதம் இது. ஆனால் சந்தை கொடுத்த விலையோ மென்பொருள் கம்பெனிக்குக் கொடுக்கிற விலை.

இனி ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட். இரண்டு ஆண்டுகளின் நடப்புக் கணக்குகள் இப்படி இருந்தன.

| | 1999 முடிவில் | 2000 முடிவில் |
|---|---|---|
| ரொக்கம் | 28.8 | 137.4 |
| வர்த்தகத்தில் வரவேண்டியது | 303.0 | 1,039.6 |
| ஒப்பந்த மதிப்பு (சொத்து) | 220.5 | 1,201.8 |
| சரக்கிருப்பு | 59.8 | 95.3 |
| பிறரிடம் கட்டிய வைப்பு | 8.1 | 243.3 |
| மற்றவை | 105.3 | 320.7 |
| நடப்புச் சொத்து | 725.5 | 3,038.1 |
| வர்த்தகத்தில் கொடுக்கவேண்டியது | 215.4 | 977.7 |
| ஒப்பந்த மதிப்பு (பொறுப்பு) | 183.6 | 1,049.5 |
| குறுகியகாலக் கடன் | 100.1 | 167.9 |
| வாடிக்கையாளர் கட்டிய வைப்பு | 4.4 | 427.7 |
| மற்றவை | 172.4 | 217.8 |
| நடப்புப் பொறுப்பு | 675.9 | 2,840.6 |

பாடப்புத்தகம் சொல்கிறபடி சொத்தைப் பொறுப்பால் வகுத்துப் பாருங்கள். 1999-இல் 1.07. 2000-இலும் 1.07. நடைமுறை மூலதனம் 49.6-இலிருந்து 197.5 ஆக உயர்ந்திருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு பக்கமும் நான்கு மடங்குக்கு மேல் வீங்கியும் விகிதம் இரண்டாம் தசமத்தில்கூட அசையவில்லை. விகிதத்தை மட்டும் வடிகட்டியில் போட்டுப் பங்கு பொறுக்குகிறவருக்கு இந்தக் கம்பெனி போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. பங்கை அலசும் இணையதளங்களில் இன்றும் கண்ணில் படுகிறவற்றில் இந்த விகிதமும் ஒன்று. அதனால்தான் இந்த 1.07-ஐத் தலைப்பில் வைத்தேன்.

விகிதத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சரக்கைப் பார்ப்போம்.

முதலில் அந்த ஒப்பந்த மதிப்பு. வரும் ஆண்டுகளில் வாயு, மின்சாரம் விற்க வாங்கப் போட்ட ஒப்பந்தங்களின் இன்றைய மதிப்பு அது. சந்தையில் விலை கிடைக்கிற ஒப்பந்தத்துக்குச் சந்தை விலை. பல ஆண்டுகள் தள்ளி இருக்கும் ஒப்பந்தத்துக்கு ஏது சந்தை? கம்பெனியின் சொந்தக் கணிப்புதான் விலை. இந்த வரியை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டால் 2000 முடிவில் மிஞ்சும் நடைமுறை மூலதனம் 197.5 அல்ல, 45.2. அந்த ஆண்டு விற்பனை வேகத்தில் இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. 197.5 ஆக உயர்ந்ததாகச் சொன்ன உயர்வில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்தக் கணிப்பு மதிப்பிலிருந்து வந்தது.

வீட்டு அட்வான்ஸ்

ஆனால் என் கண் நின்றது வேறொரு வரியில். வாடிக்கையாளர் கட்டிய வைப்பு: 4.4-இலிருந்து 427.7.

சென்னையில் வீடு வாடகைக்கு விடுகிற எல்லாருக்கும் இது புரியும். குடித்தனக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கொடுக்கிறார். வீட்டுக்காரர் கையில் பணம் இருக்கிறது. அதில் மகளுக்கு நகை எடுக்கலாம், மாடி கட்டலாம். ஆனால் அது வருமானம் இல்லை. குடித்தனம் காலி செய்கிற அன்று எண்ணிக் கொடுக்கவேண்டும். ஒரே தெருவில் பத்து வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்து, பத்துக் குடித்தனமும் ஒரே மாதத்தில் காலி செய்தால்?

எரிசக்தி வர்த்தகத்தில் இந்த அட்வான்ஸ் எப்படி வருகிறது என்று பார்ப்போம். குறிப்பிட்ட விலைக்கு உங்களுக்கு வாயு தருவதாக நான் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். சந்தை விலை ஏறிவிட்டது. இப்போது நான் தராமல் ஓடிவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. அதனால் வித்தியாசத்துக்கு ஈடாகப் பணம் கட்டு என்கிறீர்கள். கட்டுகிறேன். விலை மேலும் ஏறினால் மேலும் கட்டவேண்டும், இறங்கினால் கட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

2000-ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில் கலிஃபோர்னியாவில் மின்சார விலை தறிகெட்டது. எரிவாயு விலையும் டிசம்பர் கடைசியில் நியூயார்க் முன்பேரச் சந்தையில் 10 டாலரைத் தொட்டது. எதிர்த்தரப்பினர் என்ரானிடம் கொண்டுவந்து கொட்டிய ஈட்டுப் பணம்தான் அந்த 427.7. என்ரானும் பிறரிடம் 243.3 கட்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும், இல்லையென்றால் நியாயமில்லை. இரண்டையும் நேர் செய்தால் ஊரார் பணம் 184.4. அன்று என்ரானிடம் இருந்த மொத்த ரொக்கமே 137.4. வைப்புப் பணத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று எந்தத் தடயவியல் கணக்காளரும் இல்லாமல் இந்த இரண்டு எண்களே சொல்கின்றன.

இப்போது பணப்பாய்வு அறிக்கைக்கு வருவோம். இயக்கத்திலிருந்து வந்த ரொக்கம் 477.9. முந்தைய ஆண்டு 122.8. லாபத்தைச் சந்தேகித்தவர்களின் வாயை அடைத்த எண் இது: லாபம் கற்பனை என்றால் இவ்வளவு காசு எப்படி வரும்? அதே அறிக்கையில் நடைமுறை மூலதன மாற்றத்திலிருந்து வந்தது 176.9 என்று இருக்கிறது. ஐந்தொகையில் வைப்புகளின் நிகர அதிகரிப்பு மட்டும் 188.1. சுமாராகச் சொன்னால், அட்வான்ஸ் பணத்தை எடுத்துவிட்டால் மற்ற நடைமுறை மூலதனம் காசு தரவில்லை, கொஞ்சம் தின்றிருக்கிறது.

சரக்கிருப்பு வரியிலும் ஒரு உறுத்தல் உண்டு. ஐந்தொகையில் இருப்பு 59.8-இலிருந்து 95.3 ஆக உயர்ந்திருக்கிறது. பணப்பாய்வு அறிக்கையோ சரக்கு குறைந்ததால் 133.6 வந்தது என்கிறது. உயர்ந்ததா, குறைந்ததா? அந்த ஆண்டுதான் எம்ஜி என்ற லண்டன் உலோக வர்த்தக நிறுவனத்தை என்ரான் வாங்கியது. கம்பெனியோடு சேர்த்து வாங்கிய சரக்கின் விலை முதலீட்டுக் கணக்கில் போகும். அதை விற்றுவந்த காசு இயக்கக் கணக்கில் ஏறும். வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான் என்பது என் ஊகம். கணக்கு விதிப்படி தவறில்லை. ஆனால் ஆண்டுதோறும் உலோகக் கம்பெனி வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

பங்குக்கு எவ்வளவு?

477.9-இல் நடைமுறை மூலதன வரவைக் கழித்தால் 301.0. என்ரான் தன் முதலீட்டுச் சொத்துகளை விற்று வந்த காசையும் இயக்க வரவாகவே காட்டியது. புதிதாக வாங்கியதைக் கழித்தால் நிகரம் 54.3. அது மீண்டும் மீண்டும் வரும் வியாபாரக் காசு அல்ல. அதையும் எடுத்தால் 246.7. ஆலை, குழாய், கண்ணாடியிழை என்று மூலதனச் செலவு 238.1. மிச்சம் 8.6.

ஆண்டு முடிவில் பங்கு விலை 83 டாலர், மொத்தச் சந்தை மதிப்பு 6,200-க்கு மேல். மிச்சப்படும் காசைப்போல 700 மடங்குக்கும் அதிகம். ஏப்ரலில் 60 டாலருக்கு இறங்கியபோது மலிவு என்று வாங்கியவர்களும் 500 மடங்கு கொடுத்தார்கள். இன்னொரு வரியும் பார்க்கலாம்: லாபத்தில் சேர்ந்து காசாக வராத ஒப்பந்த மதிப்பு என்று அறிக்கை தானே கழித்துக் காட்டுவது 76.3. லாபம் 97.9 என்பதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

8.6 என்பதே சரியான எண் என்று நான் வாதாடவில்லை. மூலதனச் செலவில் எவ்வளவு வளர்ச்சிக்கு, எவ்வளவு பழுதுக்கு என்று பிரித்தால் எண் உயரும். அறிக்கையில் ‘மற்றவை’ என்று மொட்டையாக இருக்கும் 111.3-ஐ ஒருமுறை வரவு என்று தள்ளினால் எண் எதிர்மறைக்குப் போய்விடும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் 6,200-க்கு அருகில்கூட வராது.

நடைமுறை மூலதனம் குறைந்து காசு வருவதை நாம் பொதுவாகப் பாராட்டுவோம், பாராட்டவும் வேண்டும். பெட்ரோல் பங்க்கில் காசு உடனே விழுகிறது, கச்சா எண்ணெய்க்குப் பணம் பல நாள் கழித்துப் போகிறது என்றால் அது எண்ணெய்க் கம்பெனிக்கு உண்மையான வலிமை. வியாபாரம் நடக்கும்வரை அந்த இடைவெளி நிற்கும். என்ரானின் வைப்பு வியாபார அளவோடு கட்டுப்பட்டதல்ல, விலையோடு கட்டுப்பட்டது. விற்பனை அப்படியே இருந்து விலை மட்டும் இறங்கினாலே பணம் வாசலைத் தாண்டிப் போய்விடும். இந்த ஒரு வேறுபாட்டைத் தவறவிட்டால் எரிசக்திப் பங்குகளில் நடைமுறை மூலதனம் நம்மை ஏமாற்றிக்கொண்டே இருக்கும்.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. ஜெர்மனியின் யூனிப்பர், தான் விற்கப்போகும் வாயுவுக்கும் மின்சாரத்துக்கும் முன்கூட்டியே விலை பூட்டி வைத்திருந்தது. 2021 கடைசியில் விலை ஏற ஏற, ஈட்டுத்தொகை கட்டவேண்டிய முறை அதனுடையதாயிற்று. 2022 ஜனவரி தொடக்கத்தில், உக்ரைன் போருக்கு முன்பே, தாய்க் கம்பெனி ஃபோர்ட்டம் 800 கோடி யூரோ வரை கடனும் உத்தரவாதமும் தந்தது; ஜெர்மன் அரசு வங்கியிடம் இன்னொரு 200 கோடிக்கு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாயு கிடங்கில் பத்திரம், லாபம் காகிதத்தில் பத்திரம், காசு மட்டும் இல்லை.

இந்த முறைக்கு எட்டாதது

எட்டாதவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருந்தது: மகாராஷ்டிரத்தின் தாபோல் மின்நிலையம். மாநில மின்வாரியம் கட்டணம் கொடுக்காமல் நிறுத்த, 2001 பிப்ரவரியில் இந்திய அரசின் எதிர் உத்தரவாதத்தைக் கேட்கும் அளவுக்குப் போனது. ஆனால் தாபோல் என்ரானின் ஐந்தொகையில் ‘கூட்டு நிறுவன முதலீடு’ என்ற ஒற்றை வரிக்குள் அடங்கியது. வாரியம் தராத பாக்கி மேலே உள்ள அட்டவணையில் இல்லை.

இரண்டாவது இன்னும் மோசம். அறுவடைக்கு முன்பே நெல்லுக்குப் பணம் வாங்கிக்கொள்வது உலகெங்கும் இருக்கிற வழக்கம். என்ரான் அதை வாயுவுக்குச் செய்தது. சேஸ் வங்கி மஹோனியா என்ற பெயர்ப்பலகை நிறுவனம் வழியாக இன்று பணம் தரும், பல ஆண்டுகளில் வாயு தருவதாக என்ரான் ஒப்புக்கொள்ளும். ஆனால் அதே வாயு வங்கி வழியாகச் சுற்றி என்ரானுக்கே திரும்பும்படி எதிர் ஒப்பந்தமும் இருக்கும். நெல் களத்தைவிட்டு நகரவே இல்லை. மிஞ்சியது அசலும் வட்டியும். சாதாரண பாஷையில் இதற்குப் பெயர் கடன். கணக்கில் அது கடன் வரியில் இல்லாமல் ஒப்பந்த மதிப்புப் பொறுப்பில் போய் உட்கார்ந்தது, வந்த காசு இயக்க வரவாயிற்று. அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு 2002-இல் கணக்கெடுத்தபோது சேஸுடன் 12 பேரங்களில் 370, சிட்டிகுரூப்புடன் 14 பேரங்களில் 480 என்று பல ஆண்டுத் தொகை வந்தது. இவற்றைக் கடனாகவே எழுதியிருந்தால் 2000-ஆம் ஆண்டின் கடன் 1,000-க்குப் பதில் 1,400 ஆகியிருக்கும், இயக்க ரொக்கம் (நடைமுறை மூலதன மாற்றத்தைச் சேர்க்காத கணக்கு) 320-இலிருந்து 170 ஆகியிருக்கும் என்று அந்தக் குழுவின் விசாரணையில் சொல்லப்பட்டது.

நான் கழித்துக் கழித்து வந்த 301.0-உம் ஊதிய எண்தான் என்று இதற்கு அர்த்தம். வெளியே இருந்து பார்க்கிறவர் நோய் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கலாம், அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அல்ல. பங்கை வாங்காமல் விட அது போதும்.

காலி செய்த குடித்தனங்கள்

2001 கோடையில் விலை இறங்கியது. எரிவாயு 3 டாலர் பக்கம் வந்தது. ஜூனில் கூட்டாட்சி எரிசக்தி ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுவதற்கும் மின்சார விலை வரம்பு போட்டது. வைப்புகள் திரும்பிப் போகத் தொடங்கின. ஆண்டின் முதல் பாதியில் என்ரான் அறிவித்த லாபம் 80-க்கு மேல். அதே ஆறு மாதத்தில் இயக்கத்திலிருந்து வெளியேறிய ரொக்கம் 133.7.

இதற்கு ஒரு சமாதானம் கைவசம் இருந்தது: முந்தைய ஆண்டின் முதல் பாதியிலும் 54.7 வெளியேறித்தானே இருந்தது, இரண்டாம் பாதியில் எல்லாம் சேர்ந்து வந்துவிட்டதே! வந்தது உண்மை, 532.6. அது எப்படி வந்தது என்று மேலே பார்த்தோம். அதே போல் மறுபடி வர, கலிஃபோர்னியா மறுபடி எரிந்தாக வேண்டும்.

அரையாண்டு எண்கள் வெளியான ஆகஸ்ட் நடுவில் ஸ்கில்லிங் பதவி விலகினார். பங்கு 43 டாலர். இந்த முழுக் கதையில் நடைமுறை மூலதனம் ஒரு முதலீட்டாளருக்கு ஆகப் பெரிய உதவி செய்யக்கூடிய தருணம் இதுதான் என்பது என் எண்ணம். லாபமும் ரொக்கமும் எதிரெதிர் திசையில் 200-க்கு மேல் விலகி நின்றன. விற்று வெளியேற இரண்டு மாதம் அவகாசமும் இருந்தது. ஜேம்ஸ் சேனோஸ் போன்ற ஒருசிலர் 2000 நவம்பரிலிருந்தே பங்கு விழும் என்று பந்தயம் கட்டியிருந்தார்கள். பெரும்பாலான தரகு நிறுவன ஆய்வாளர்கள் அக்டோபரிலும் ‘வாங்கலாம்’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 16 அன்று 61.8 நஷ்டம் அறிவிப்பு. 25-ஆம் தேதி வங்கிகளிடம் பேசி வைத்திருந்த கடன் வரம்பு ஏறத்தாழ 300-ஐ மொத்தமாக எடுத்தார்கள். நவம்பர் 9 அன்று போட்டி நிறுவனமான டைனஜி என்ரானை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது, கூடவே செவ்ரான்டெக்சாகோவின் 150 ரொக்கமாக உள்ளே வந்தது. அதுவும் நிற்கவில்லை. 2000 ஆண்டறிக்கையில் அவர்களே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: முதலீட்டுத் தரமதிப்பீடு நீடிப்பது மொத்த வர்த்தகத்தின் வெற்றிக்கும் போதிய ரொக்கம் வைத்திருப்பதற்கும் இன்றியமையாதது என்று. நம்பிக்கை போனதும், ஒரு காலத்தில் என்ரானிடம் வைப்பு கட்டிய அதே எதிர்த்தரப்பினர் என்ரானிடம் வைப்புக் கேட்டார்கள். சிலர் பேரமே வேண்டாமென்று ஒதுங்கினார்கள்.

நவம்பர் 28 அன்று தரமதிப்பீடு குப்பைத் தரத்துக்கு இறக்கப்பட்டது, டைனஜி விலகிக்கொண்டது, பங்கு 61 சென்ட்டில் முடிந்தது. டிசம்பர் 2 அன்று நீதிமன்றத்தில் திவால் மனு.